அத்தியாயம் 7: பின்னால் போலீஸ் விளக்கு எரிந்தால்

அமெரிக்காவில் கேம்பர் வேன் ஓட்டும் தமிழ்க் குடும்பங்களுக்கு

யோசெமிட்டிக்கோ யெல்லோஸ்டோனுக்கோ கேம்பர் வேனில் குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள். அடுப்பு, படுக்கை, பாத்திரம், ஊரிலிருந்து வந்த பெற்றோரின் மாத்திரைப் பெட்டி எல்லாம் ஒரே வண்டிக்குள். வழியில் எங்காவது போலீஸ் உங்களை நிறுத்தக்கூடும். பெரும்பாலும் அது சீக்கிரம் முடிந்துவிடும் வேலைதான். பதற்றத்தில் நாம் செய்யும் சில காரியங்களே அதை நீட்டிவிடும். சில நேரம் ஆபத்தாகவும் ஆக்கிவிடும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான். சாலையோரத்தில் உங்கள் வேலை, வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் பத்திரமாக அங்கிருந்து கிளம்புவது. நியாயத்தைப் பேச நீதிமன்றம் இருக்கிறது. அங்கே பிறகு பேசலாம்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். நீங்கள் போகும் மாநிலத்தின் ஓட்டுநர் கையேடு அந்த மாநில இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கிளம்பும் முன் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

வேன் வீடா, வண்டியா?

கோட்பாடு இவ்வளவு தெரிந்தால் போதும். 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'கலிஃபோர்னியா எதிர் கார்னி' வழக்கில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. சான் டியேகோ நகரத்தில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் நின்ற மோட்டார் ஹோமை அதிகாரிகள் வாரன்ட் இல்லாமல் சோதித்திருந்தார்கள். 'அதில் ஆள் வசிக்கலாம். ஆனாலும் அது சட்டென்று நகர்ந்துவிடக்கூடியது, வாகனச் சட்டங்களுக்கு உட்பட்டது. எனவே வீட்டுக்கு உள்ள முழுப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது' என்பதே தீர்ப்பின் சாரம். குற்றப் பொருள் உள்ளே இருப்பதாக நம்புவதற்குத் தகுந்த காரணம் இருந்தால், வாரன்ட் இல்லாமலே சோதிக்கலாம்.

சக்கரம் கழற்றிக் கட்டைமேல் ஏற்றிய வண்டியையும், தண்ணீர், மின் இணைப்பு கொடுத்து நிலையாக நிறுத்திய வண்டியையும் பற்றி நீதிமன்றம் அன்று முடிவு சொல்லவில்லை. நீங்கள் ஓட்டும் வேனுக்கு அந்த விலக்கு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். சாலையில் இருக்கும்வரை அது வண்டிதான்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

1. லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தம் நான்கையும் ஒரே உறையில் போட்டு, ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள சன்வைசரில் செருகுங்கள். க்ளவ் பாக்ஸுக்குள் சாமான்களுக்கு அடியில் வைத்தால், சரியாகப் பதற்றமான நேரத்தில் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டிவரும்.

2. எல்லாவற்றுக்கும் தாள் நகல் வைத்திருங்கள். பல மாநிலங்களில் இன்சூரன்ஸைச் செல்போனிலும் காட்டலாம். ஆனால் மலைப்பாதையில் சிக்னல் இருக்காது. உங்கள் போனை அதிகாரி கையில் கொடுக்கும் தேவையும் தாள் இருந்தால் வராது.

3. வேன் ஓட்டப்போகும் ஒவ்வொருவரின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 'கொஞ்ச தூரம்தானே, மச்சான் ஓட்டட்டும்' என்று பெயரில்லாதவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடலாம்.

4. இந்தியாவிலிருந்து வந்து ஓட்டுபவர், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வர வேண்டும். ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸோடு சேர்த்துக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு. அமெரிக்காவில் இறங்கிய பிறகு இணையத்தில் விற்கும் 'சர்வதேச லைசென்ஸ்' எதையும் வாங்கி ஏமாறாதீர்கள்.

5. மாத்திரைகளை அவை வந்த புட்டியிலோ அட்டையிலோ வைத்து, மருத்துவர் சீட்டையும் கூடவே வையுங்கள். ஏழெட்டு வகை மாத்திரையை ஒரே டப்பாவில் கொட்டி எடுத்துவந்தால், அது என்னவென்று சாலையோரத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

6. விபூதி, அரிசி மாவு, பொடி வகைகளைப் பெயரில்லாத பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கொண்டுவர வேண்டாம். வாங்கிய பாக்கெட்டிலேயே இருக்கட்டும், அல்லது மூடியுள்ள டப்பாவில் ஆங்கிலத்தில் பெயர் ஒட்டுங்கள். சாலையோரத்தில் செய்யும் போதைப்பொருள் பரிசோதனைக் கருவிகள் சாதாரணப் பொருளையும் தவறாகக் காட்டியதுண்டு.

7. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடங்கள். எல்லா விளக்கும் எரிகிறதா, பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டு நம்பர் பிளேட்டை மறைக்கிறதா, கண்ணாடியில் விரிசல் உண்டா என்று பாருங்கள்.

8. உள்ளே இருப்பவர்களிடம் ஒத்திகைபோல ஒருமுறை சொல்லிவிடுங்கள்: 'போலீஸ் நிறுத்தினால் யாரும் எழுந்திருக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, நான் மட்டும்தான் பேசுவேன்.'

எதற்காக நிறுத்துகிறார்கள்?

சிறிய போக்குவரத்து மீறல் ஒன்று போதும். அதிகாரிக்கு வேறு எண்ணம் இருந்தாலும், மீறல் உண்மையாக இருந்தால் நிறுத்தியது செல்லும் என்று 1996-இல் 'ரென்' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் ஓட்டிப் பழகியவர்கள் வேனில் மாட்டிக்கொள்ளும் காரணங்கள் இவை:

*கோடு தாண்டுவது.* உயரமான வேனைப் பக்கக் காற்று தள்ளும். வையோமிங் மாநிலத்தின் ஐ-80 நெடுஞ்சாலையும், பாம் ஸ்பிரிங்ஸ் அருகே காற்றாலைகள் நிற்கும் ஐ-10 நெடுஞ்சாலையும் இதற்குப் பேர்போனவை. வண்டி ஆடி ஆடிக் கோட்டைத் தொட்டால், குடித்துவிட்டு ஓட்டுவதாகச் சந்தேகம் வரும். காற்றடித்தால் வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள்.

*வழிவிடாமல் ஊர்வது.* கலிஃபோர்னியாவில் இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வதில்லை, சட்டமே அதுதான்.

*சிற்றூர் வேகம்.* 65 மைல் வேகத்தில் வந்த நெடுஞ்சாலை, ஓர் ஊருக்குள் நுழைந்ததும் 35, 25 என்று இறங்கும். பலகையைப் பார்த்த பிறகு பிரேக் தொட்டால், கனமான வேன் உடனே அடங்காது. ஊர் கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறையுங்கள்.

*சீட் பெல்ட்.* ஓடும் வேனில் கட்டிலில் படுத்திருப்பதும், தோசை வார்க்க எழுந்து நிற்பதும் கூடாது. வண்டி நகரும்போது எல்லோரும் பெல்ட் உள்ள இருக்கையில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 8 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பின்னிருக்கையில் குழந்தை இருக்கை கட்டாயம்.

*ஒதுங்காதது.* சாலையோரம் விளக்குப் போட்டு நிற்கும் போலீஸ் வண்டியையோ ஆம்புலன்ஸையோ கடக்கும்போது ஒரு லேன் தள்ளிப் போக வேண்டும். முடியாவிட்டால் வேகம் குறைக்க வேண்டும். 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் உண்டு.

விளக்கு தெரிந்ததும்: முதல் ஒரு நிமிடம்

கேம்பர் வேனில் நடுக் கண்ணாடி பெரும்பாலும் பயன்படாது. படுக்கையும் திரையும்தான் தெரியும். பக்கக் கண்ணாடிகளை அடிக்கடி பார்க்கும் பழக்கம் இருந்தால், விளக்கைச் சீக்கிரம் கவனிப்பீர்கள்.

1. வலது இண்டிகேட்டரைப் போட்டு வேகத்தைக் குறையுங்கள். 'பார்த்துவிட்டேன், நிறுத்தப்போகிறேன்' என்று அதிகாரிக்கு அதுவே தகவல்.

2. வலது ஓரத்தில், சமதளமான, அகலமான இடத்தில் நிறுத்துங்கள். வளைவு, பாலம், மேட்டின் மறுபக்கம் இவற்றைத் தவிருங்கள். இடம் குறுகலாக இருந்தால் ஹசார்டு விளக்கைப் போட்டு, மெதுவாக அடுத்த நல்ல இடம்வரை போகலாம். ஆனால் மைல் கணக்கில் போகாதீர்கள். தப்பி ஓடுவதாகத் தோன்றும்.

3. பின்னால் வருவது போலீஸ்தானா என்று சந்தேகமாக இருந்தால், ஹசார்டு போட்டு மெதுவாக ஓட்டியபடி, கையில் எடுக்காமல் ஸ்பீக்கரில் 911-ஐ அழையுங்கள். நீங்கள் இருக்கும் சாலையைச் சொல்லி, அதிகாரி உண்மையானவரா என்று கேளுங்கள். வெளிச்சமான இடத்தில் நிறுத்துவதாகவும் சொல்லுங்கள்.

4. கியரை 'பார்க்'கில் போட்டு, எஞ்ஜினை அணையுங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள்.

5. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்குங்கள். அதிகாரி பயணி பக்கமாகவும் வரலாம். அந்தக் கண்ணாடியையும் இறக்கிவையுங்கள்.

6. சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல்பக்கம் வைத்து, அவர் வரும்வரை அசையாமல் இருங்கள். பக்கத்தில் இருப்பவர் கையை டேஷ்போர்டு மீதோ மடிமீதோ விரித்து வைக்கட்டும்.

7. பக்கவாட்டு ஸ்லைடிங் கதவை யாரும் தொட வேண்டாம். பயணி பக்கமாக வரும் அதிகாரிக்கு அருகே அது தடாலெனத் திறந்தால், அவர் துப்பாக்கியில் கை வைப்பார். கேம்பர் வேனில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. குழந்தைப் பூட்டு இருந்தால் போட்டே வையுங்கள்.

முக்கியம்: வண்டியை விட்டு இறங்காதீர்கள். தமிழ்நாட்டில் வண்டியை ஓரங்கட்டியதும் இறங்கி, காகிதங்களை எடுத்துக்கொண்டு எஸ்.ஐ. நிற்கும் இடத்துக்கு நாமே நடந்து போவோம். அது அங்கே மரியாதை. அமெரிக்காவில் ஓட்டுநர் இறங்கி அதிகாரியை நோக்கி நடந்தால், தாக்க வருவதாக எடுத்துக்கொள்வார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, மாமனார் 'நான் போய்ப் பேசிட்டு வரேன்' என்று உதவிக்கு இறங்கப் பார்ப்பார். அவருக்கு இதை முன்கூட்டியே அழுத்திச் சொல்லிவையுங்கள்.

அதிகாரி ஜன்னலுக்கு வந்ததும்

1. வணக்கம் சொல்லி, அவரைப் பேச விடுங்கள். 'ஆஃபீசர்' என்று அழைத்தால் போதும்.

2. உள்ளே எத்தனை பேர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'ஆஃபீசர், என் பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் பின்னால் இருக்கிறார்கள்' என்பதை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாததே கேம்பர் வேனை அணுகும் அதிகாரிக்குப் பெரிய கவலை. அதைத் தீர்த்துவிட்டால் அவர் பேச்சே மாறிவிடும்.

3. காகிதம் கேட்டால், எடுக்கும் முன் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்: 'சன்வைசரில் இருக்கிறது, எடுக்கட்டுமா?' அவர் சரி என்ற பிறகு, ஒரு கையால் மெதுவாக எடுங்கள்.

4. 'எதற்கு நிறுத்தினேன் தெரியுமா?' என்று கேட்டால், 'தெரியவில்லை, ஆஃபீசர்' என்பது போதும். '80-இல்தான் போனேன்' என்று நீங்களே சொன்னால், அது அறிக்கையில் ஏறும். ஆனால் பொய் சொல்லவே சொல்லாதீர்கள். பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால் பணிவாகச் சொல்லாமல் இருக்கலாம். பொய் தனிக் குற்றமாகலாம்.

5. இறங்கச் சொன்னால் இறங்குங்கள். ஓட்டுநரை இறங்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு என்பது 1977-இன் 'மிம்ஸ்' தீர்ப்பு; பயணிகளுக்கும் அது பொருந்தும் என்பது 1997-இன் 'வில்சன்' தீர்ப்பு. கை வெளியே தெரியும்படி, சாலையில் வரும் வண்டிகளைப் பார்த்து, அவர் காட்டும் இடத்தில் நில்லுங்கள். குழந்தைகள் உள்ளேயே இருக்கட்டும்.

6. நடப்பதைப் படம் எடுக்க விரும்பினால், ஸ்டாண்டில் மாட்டிய போனையோ டேஷ்கேமையோ முன்பே ஓடவிடுங்கள். அதிகாரி வந்த பிறகு கருப்பாக ஒரு பொருளைச் சட்டென்று கையில் எடுக்காதீர்கள்.

குறிப்பு: பெற்றோருக்கு ஆங்கிலம் வராவிட்டால், அவர்கள் பதில் சொல்ல முயல வேண்டாம். 'தமிழ் மட்டும்தான் தெரியும்' என்று உங்களைச் சொல்ல விடட்டும். புரியாத கேள்விக்கு 'எஸ், எஸ்' என்பது பெரிய தொல்லையில் விடும்.

'உள்ளே கொஞ்சம் பார்க்கலாமா?'

சாதாரண உரையாடல்போலவே இந்தக் கேள்வி வரும். அது அனுமதி கேட்பது. நீங்கள் 'சரி' என்றால் வாரன்டும் காரணமும் தேவையில்லாமல் போய்விடும். 'மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று அதிகாரி சொல்லித்தர வேண்டியதில்லை என்பது 1973-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவானது.

1. மறுக்க விரும்பினால், அமைதியான குரலில் இப்படிச் சொல்லுங்கள்: 'ஆஃபீசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்.' சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை என்பது பொருள். காரணம் சொல்லத் தேவையில்லை.

2. வாயால் சொல்லுங்கள், தலையை ஆட்டாதீர்கள். நம் பக்கவாட்டுத் தலையசைப்பு அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்று புரியாது. 'ஓகே, ஓகே' என்று பேச்சுக்கிடையில் போடும் சொல்லும் சம்மதமாகிவிடும்.

3. மறுத்த பிறகும் அவர் சோதித்தால், தடுக்காதீர்கள். கதவை மறித்து நிற்காதீர்கள், கையைப் பிடிக்காதீர்கள். 'சம்மதிக்கவில்லை' என்பதை இன்னொரு முறை சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். சோதனை செல்லுமா என்பதை வழக்கறிஞர் பிறகு நீதிமன்றத்தில் கேட்பார்.

4. டிக்கெட் எழுதி முடிந்ததும், 'ஆம் ஐ ஃப்ரீ டு கோ?' என்று கேளுங்கள். நிறுத்திய வேலை முடிந்த பிறகு, தகுந்த சந்தேகம் இல்லாமல் மோப்ப நாய்க்காக உங்களைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்று 2015-இன் 'ரோட்ரிகஸ்' தீர்ப்பு சொல்கிறது.

5. உங்கள் போனுக்குள் பார்க்க வேண்டுமென்றால், கைது செய்திருந்தாலும் பொதுவாக வாரன்ட் வேண்டும். இது 2014-இன் 'ரைலி' தீர்ப்பு. பூட்டைத் திறந்து கொடுக்காதீர்கள்.

ஜன்னல் வழியே கண்ணுக்குத் தெரிவது எதுவானாலும் அதைக் காரணமாகக் காட்டலாம். முன்பக்கம் ஒழுங்காக இருக்கட்டும்.

இரவில் கதவு தட்டப்பட்டால்

ஓடும்போது நிறுத்துவதைவிட, தூங்கும்போது கதவு தட்டப்படுவதே கேம்பர் வேன்காரர்களுக்கு அதிகமான பயம். பொது இடத்தில் தங்குவதைத் தடைசெய்யும் ஊர்ச் சட்டங்களைச் செயல்படுத்தலாம் என்று 2024-இல் 'கிராண்ட்ஸ் பாஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே எங்கே தங்குகிறோம் என்பதை இருட்டுவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.

தேசியப் பூங்காக்களில் பதிவுசெய்த முகாம் இடத்தில் மட்டுமே தங்குங்கள். யோசெமிட்டியில் சாலையோரத்திலோ காட்சி முனையிலோ வண்டிக்குள் தூங்கக் கூடாது. கூட்டாட்சி அரசின் பி.எல்.எம். நிலங்களில் பல இடங்களில் இலவசமாக, பொதுவாக 14 நாள்வரை தங்கலாம். கடைகளின் வாகன நிறுத்துமிடமென்றால், மேலாளரிடம் கேட்டுவிட்டுத் தங்குங்கள்.

தட்டினால்:

1. உள்விளக்கைப் போட்டு, 'வருகிறேன், ஆஃபீசர்' என்று சத்தமாகக் குரல் கொடுங்கள். சத்தமில்லாமல் நடமாடாதீர்கள்.

2. ஸ்லைடிங் கதவை அகலத் திறக்காதீர்கள். ஒரு ஜன்னலைத் திறந்து பேசுங்கள். யாரென்று தெரியாவிட்டால் 911-ஐ அழைத்து உறுதிசெய்யுங்கள்.

3. கிளம்பச் சொன்னால், வாதாடாமல் கிளம்புங்கள். அருகில் எங்கே தங்கலாம் என்று கேட்டால், பல அதிகாரிகள் வழிகாட்டுவார்கள்.

4. நீங்கள் குடித்திருந்தால் மட்டும் கிளம்பாதீர்கள். ஓட்டுநர் இருக்கையில் போய் உட்காரவும் செய்யாதீர்கள். 'குடித்திருக்கிறேன், ஓட்ட முடியாது; வேறு என்ன செய்யலாம்?' என்று நேராகக் கேளுங்கள்.

மது, கஞ்சா: இதில் விளையாட வேண்டாம்

ரத்தத்தில் மது அளவு 0.08 சதவீதத்தைத் தொட்டால் குற்றம்; யூட்டா மாநிலத்தில் 0.05. சயான், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ் மூன்றும் யூட்டாவில்தான் இருக்கின்றன என்பதை மறவாதீர்கள்.

நிறுத்திய வேனும் பாதுகாப்பில்லை. அரிசோனா உட்படப் பல மாநிலங்களில், வண்டி நகராவிட்டாலும் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே வழக்குப் போடலாம். எனவே குடிப்பதாக இருந்தால்:

1. அனுமதியுள்ள இடத்தில், இரவு முழுக்க நகரத் தேவையில்லாதபடி முதலில் நிறுத்துங்கள்.
2. சாவியை ஓட்டுநர் இருக்கையிலிருந்து தள்ளி, பின்னால் ஒரு பெட்டியில் வையுங்கள். குடிக்காதவர் இருந்தால் அவரிடம் கொடுங்கள்.
3. பின் படுக்கையில் தூங்குங்கள். முன்னிருக்கையைச் சாய்த்துத் தூங்காதீர்கள்.
4. குளிருக்காக எஞ்ஜினை ஓடவிடாதீர்கள். வழக்குக்கு அது சாட்சி. கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு செய்தாலும் வழக்கு வரவே வராது என்று உறுதி சொல்ல முடியாது, வாய்ப்பு குறையும். திறந்த புட்டியைப் பொறுத்தவரை, வசிக்கும் பகுதியில் உள்ள பயணிகளுக்குக் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் சலுகை தருகின்றன. ஆனாலும் ஓடும் வேனில் திறந்த புட்டியே வேண்டாம்.

கஞ்சா சில மாநிலங்களில் சட்டபூர்வம். கூட்டாட்சிச் சட்டத்தில் இன்னும் குற்றம்தான். தேசியப் பூங்கா கூட்டாட்சி நிலம். அங்கே மாநிலச் சலுகை செல்லாது. எச்-1பி, எஃப்-1, கிரீன் கார்டு என எந்த நிலையில் இருந்தாலும், 'எப்போதோ பயன்படுத்தினேன்' என்று ஒப்புக்கொள்வதே குடியுரிமைப் பாதையைக் கெடுக்கலாம். குடித்து ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு முடியும். நம் குடும்பங்களின் பல வருட உழைப்பு இதில் சிக்கியிருக்கிறது. தயவுசெய்து இதை லேசாக எடுக்காதீர்கள்.

எல்லைக் காவல் சாவடியும் பழச் சாவடியும்

டெக்சஸின் பிக் பெண்ட் பூங்காவிலிருந்து வடக்கே திரும்பும்போதும், நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பக்கம் போகும்போதும் எல்லைக் காவல் படையின் உள்நாட்டுச் சாவடிகளைச் சந்திப்பீர்கள். எந்தச் சந்தேகமும் இல்லாமலே எல்லோரையும் நிறுத்தி, குடியுரிமை பற்றிச் சுருக்கமாகக் கேட்கலாம் என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. வண்டியைச் சோதிக்க மட்டும் உங்கள் சம்மதமோ தகுந்த காரணமோ வேண்டும்.

18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அந்த அட்டை. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டோடு ஐ-94 பதிவைத் தாளில் அச்சிட்டு எடுத்துவாருங்கள். பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். பாஸ்போர்ட்டை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வருவது இங்கே உதவாது.

கலிஃபோர்னியாவுக்குள் நுழையும்போது இருப்பது வேளாண் சாவடி. கேட்டால் பழம், செடி, கீரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். குறிப்பாகக் கறிவேப்பிலை. அது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். தாளிக்க வேண்டுமென்று ஒளித்துக் கொண்டுவராதீர்கள்.

டிக்கெட் கொடுத்தால்

1. கையெழுத்துக் கேட்டால் போடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. உரிய தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்ற உறுதி மட்டுமே. கலிஃபோர்னியாவில் கையெழுத்துப் போட மறுத்தால் கைது செய்யலாம்.

2. அங்கேயே பணம் நீட்டாதீர்கள். 'ஃபைனை இப்போதே கட்டிவிடுகிறேன்' என்று நல்ல எண்ணத்தில் பர்ஸைத் திறந்தாலும், லஞ்சமாகப் பார்க்கப்படும். அது சிறைவரை போகும் குற்றம்.

3. கிளம்பும்போது இண்டிகேட்டர் போட்டு, சாலையில் இடம் கிடைத்த பிறகே ஏறுங்கள். பதற்றம் தணியாவிட்டால், அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள்.

4. அன்றைக்கே டிக்கெட்டைப் படம் எடுத்துவையுங்கள். எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். பூங்கா ரேஞ்சர் கொடுத்தது கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும்.

5. வேறு மாநிலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான மாநிலங்கள் இந்தத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. பதிலளிக்காவிட்டால் லைசென்ஸ் முடங்கலாம், வாரன்ட் வரலாம்.

6. தவறு உங்களுடையதல்ல என்று நம்பினால், டிக்கெட்டில் உள்ள வழிமுறைப்படி மறுத்து வழக்காடுங்கள். கட்டிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் கேட்கலாம்.

கைது என்று சொன்னால்

எதிர்க்காதீர்கள். பெயரைச் சொல்லுங்கள். 'நான் பேச விரும்பவில்லை, வழக்கறிஞர் வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன்பின் சம்பவம் பற்றிப் பேசாதீர்கள். குழந்தைகளையும் பெற்றோரையும் யார் அழைத்துப் போவது என்பதை மட்டும் கேளுங்கள். இந்தியக் குடிமக்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது. குற்ற வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞரையும் கட்டாயம் கலந்துபேசுங்கள்.

சன்வைசரில் ஒட்டிவைக்க

1. வலது இண்டிகேட்டர், மெதுவாக ஓரம், 'பார்க்', எஞ்ஜின் நிறுத்தம்.
2. உள்விளக்கு, கண்ணாடி இறக்கம், கை ஸ்டியரிங் மேல்.
3. யாரும் இறங்க வேண்டாம். ஸ்லைடிங் கதவு மூடியே இருக்கட்டும்.
4. உள்ளே எத்தனை பேர் என்று முதலில் சொல்.
5. எடுக்கும் முன் சொல், சொன்ன பின் எடு.
6. சோதனைக்குச் சம்மதமா இல்லையா என்பதை வாயால் சொல், தலையை ஆட்டாதே.
7. பொய் இல்லை, வாக்குவாதம் இல்லை, பணம் நீட்டல் இல்லை.
8. டிக்கெட்டில் கையெழுத்து, படம், தேதி.

இந்த எட்டு வரியையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, வேனைக் கிளப்பும் முன் வண்டியில் வரும் எல்லோருக்கும் ஒருமுறை படித்துக்காட்டுங்கள்.